டயருக்கு அடமானம் வைத்த வளையல்

எண்பதுகளின் கடைசியில் தர்மபுரிக்கு வெளியே, சேலம் ரோட்டில் எங்கள் டயர் கடை இருந்தது. வீட்டுக்காரர் டயர் மாட்டுவார், நான் கல்லாவில் உட்காருவேன். அவர் யாரையும் நம்பிவிடுவார். அதனால் அவருக்கும் சேர்த்து நானே சந்தேகப்பட வேண்டியிருந்தது.

அந்த வருஷம் ஒரு லாரிக்காரர் டயர் வாங்கிக்கொண்டு செக் கொடுத்தார். செக் பாங்கிலிருந்து திரும்பி வந்தது, லாரிக்காரர் வரவில்லை. கம்பெனிக்குப் பணம் கட்டத் தாமதமாகிவிட்டது. இன்னொரு தடவை தவறினால் டீலர்ஷிப்பை எடுத்துவிடுவோம் என்று கம்பெனி ஆள் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். எடுத்துவிட்டால் கடை கிடையாது. கடத்தூரில் என் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

இந்த லட்சணத்தில்தான் வீட்டுக்காரர் பாங்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு பாங்க் ஆளையும் ஒரு மிஷினையும் கூட்டிக்கொண்டு வந்தார். மிஷினில், பாங்க் கொடுக்கிற கிரெடிட் கார்டை வைத்து, மேலே கார்பன் வைத்த சீட்டை வைத்து, இஸ்திரி போடுவதுபோல் பிடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்க வேண்டும். கார்டில் புடைத்திருக்கிற பெயரும் நம்பரும் சீட்டில் பதியும். அவ்வளவுதான், டயரைக் கொடுத்து அனுப்பிவிடலாமாம்.

"பணம் எப்பங்க வரும்?" என்றேன்.

"சீட்டை பிராஞ்சுல குடுத்துருங்க மேடம். கொஞ்ச நாள்ல உங்க கணக்குல ஏறிடும். எங்க கமிஷன் மட்டும் பிடிச்சுக்குவோம்."

"கொஞ்ச நாள்னா எத்தன நாளு?"

சிரித்தார். கேள்விக்குச் சிரிப்பைப் பதிலாகத் தருகிற ஆளை நான் நம்புவதில்லை. போகும்போது கண்ணாடிக் கதவில் ‘இங்கே கார்டு செல்லும்’ என்று ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டுப் போனார்.

"நம்ம டயரு, நம்ம கடை. இவங்களுக்கு எதுக்குங்க பங்கு?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"பெங்களூர் காரெல்லாம் நம்ம வாசல்ல வந்து நிக்கும், பாரேன்."

மிஷின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினேன். தூசி படக்கூடாது என்று சொல்லிக்கொண்டேன். என் கண்ணில் படக்கூடாது என்பதுதான் நிஜம்.

சொன்னபடி ஒரு பெங்களூர் கார் வந்தது. கல்யாணத்துக்காகச் சேலம் போகிற புருஷன் பெண்டாட்டி. முன்பக்கம் இரண்டு டயரும் போயிருந்தன. வீட்டுக்காரர் புது டயரை மாட்டி முடித்த பிறகு அந்த மனிதர் கார்டை நீட்டினார். தொகை பெரிது என்பதால் பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டுக் கார்டு செல்லுமா என்று கேட்க வேண்டும். காத்துக் கிடந்து லைன் கிடைத்தது.

"சரின்னுட்டாங்க" என்று போனை வைத்தார் வீட்டுக்காரர்.

"யாரு சொன்னது?"

"பெங்களூர்ல."

"பெங்களூர்ல யாருங்க?"

அவருக்குத் தெரியவில்லை. மிஷினை இழுத்தார்கள், கையெழுத்தும் ஆனது. நான் கார்டை எடுத்துக் கல்லாவில் போட்டுப் பூட்டினேன். எங்கள் கடையில் ரொக்கம் தராதவர்கள் சைக்கிளோ ஸ்டெப்னியோ எதையாவது வைத்துவிட்டுத்தான் போவார்கள். கார்டும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

"அம்மா, என் கார்டு?"

"பணம் வரட்டுங்க. வந்ததும் வாங்கிக்கங்க."

"அது அடமானப் பொருள் இல்லடி!" என்று தலையில் அடித்துக்கொண்டார் வீட்டுக்காரர்.

"நீங்கதானே இதை ஒட்டி வெச்சிருக்கீங்க?" என்று அந்த மனிதர் ஸ்டிக்கரைக் காட்டினார். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

காரிலிருந்து அவர் மனைவி இறங்கி வந்தாள். அவரிடம் கன்னடத்தில் ஏதோ மெல்லச் சொன்னாள். எனக்குத் தெரிந்த சந்தைக் கன்னடத்துக்கு அது எட்டவில்லை. அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் கையிலிருந்து ஒரு வளையலைக் கழற்றி என் மேஜைமேல் வைத்தாள்.

"இதை வெச்சுக்கங்கக்கா. அடுத்த வாரம் இந்த வழியாத்தான் திரும்புவோம்."

ரோட்டோரக் கடையில் ஒரு சுமங்கலி வளையலைக் கழற்றித் தருகிறாள். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை. வளையலை எடுத்துக்கொண்டு கார்டைக் கொடுத்தேன்.

கம்பெனிக்குக் கட்ட வேண்டிய நாள் நெருங்கியது. வீட்டுக்காரரைத் தினமும் பாங்குக்கு விரட்டினேன். அவர் கையை விரித்துக்கொண்டு வரும்போதெல்லாம் பீரோவைத் திறந்து வளையலைப் பார்ப்பேன். பணம் வராவிட்டால் கடைவீதியில் அதை விற்றாவது கட்டிவிடலாம். அந்தத் தைரியத்தில்தான் ராத்திரி தூக்கம் வந்தது.

கெடுவுக்கு முந்தின நாள் கணக்கில் பணம் ஏறிவிட்டது. சொன்ன கமிஷன்தான், அதற்குமேல் ஒரு பைசா பிடிக்கவில்லை. கம்பெனிக்குக் கட்டினோம், கடை பிழைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர்கள் சொன்னபடி திரும்பி வந்தார்கள். மஞ்சள் துணியில் சுற்றியிருந்த வளையலைப் பூவும் குங்குமமும் வைத்துக் கொடுத்தேன். அவள் வாங்கிப் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

"இதைப் போய் இவ்வளவு பத்திரமா வெச்சிருந்தீங்களாக்கா? கவரிங்தான். நீங்க பயந்து கெடக்கக் கூடாதேன்னு குடுத்தேன்."

வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. கார்டைச் சந்தேகப்பட்டேன், மிஷினைச் சந்தேகப்பட்டேன், போனில் பேசிய குரலைக்கூட விடவில்லை. அந்த வளையலை ஒரு தடவை உரசிப் பார்க்கத் தோன்றவில்லையே!

அதன்பிறகு கார்டு நீட்டுகிறவர்களை நான் ஒன்றும் கேட்பதில்லை. கூட வருகிற பெண்களின் கையைத்தான் உற்றுப் பார்ப்பேன்.