ஒரிஜினல் இல்ல, ஆனா உக்காரும்

வாஷிங் மெஷின் உதிரிபாகக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவருக்கு 'உக்காரும் அண்ணன்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கடை உரிமத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை. ரிப்பேரான பம்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் அவர் சொல்வது பெரும்பாலும் ஒரே வசனம்தான்.

"ஒரிஜினல் இல்ல. ஆனா இது உக்காரும்."

சொன்னால் உட்காரும். பழைய பம்பையும் வேறு கம்பெனி பம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போல்ட் போகும் இரண்டு துளைகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளப்பார். "இந்த ரெண்டு ஓட்டையும் ஒத்துப்போச்சுன்னா போதும். மத்தது எப்படி இருந்தா உங்களுக்கு என்ன, துணி வெளுத்தா சரிதானே?" என்பார்.

கித்தாரிலும் மனிதருக்கு இதே புத்திதான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நூலகத்து மாடி ஹாலில் மூன்று பேர் ஜாஸ் வாசிப்பார்கள். டிரம்ஸுக்கு ஒரு பல் டாக்டர், பேஸ் என்கிற ஆளுயர வயலினுக்கு ஒரு தபால்காரர், கித்தாருக்கு நம் அண்ணன். பாட்டுப் புத்தகத்தில் ஜி செவன் என்ற கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு, போட்டிருக்கும் இடத்தில் இவர் டி ஃபிளாட் செவனைக் கொண்டுவந்து வைப்பார். பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டு உறவே இல்லாத கார்டுகள். ஆனால் ஜி செவனைப் பாட்டின் ஆதார சுரமான வீட்டுக்குத் திரும்பத் துடிக்க வைக்கிற இரண்டு சுரங்கள் உண்டே, அதே இரண்டும் இதிலும் இருக்கின்றன. அவைதான் போல்ட் துளைகள். அப்புறம் அந்தக் கார்டுக்கு ஏற்ற ஸ்கேலை, அதாவது சுர வரிசையைப் பிடித்துக்கொண்டு இஷ்டத்துக்கு அலைந்துவிட்டு, கேட்கிறவர்கள் 'தொலைந்தான்' என்று நினைக்கும்போது சொன்ன நேரத்துக்கு வீடு வந்து சேருவார்.

இந்தச் சேட்டையெல்லாம் தனியாக வாசிக்கும்போது மட்டும்தான். மனைவி பாடினால் கிடையாது.

கல்யாணமான புதிதில் ஒருமுறை, அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே இவர் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிக் கார்டை மாற்ற, அந்த அம்மாள் சபை நடுவே வழி தெரியாமல் நின்றுவிட்டார். வீட்டுக்கு வந்து ஒரே வாக்கியம்தான் சொன்னார். "நான் ஏறும்போது படியை மாத்தாதீங்க." அண்ணன் சத்தியம் செய்தார். இருபத்துமூன்று வருடமாக மனைவியின் பாட்டுக்குப் புத்தகத்தில் உள்ளது உள்ளபடி வாசித்து வருகிறார். அவரைப் போன்ற ஆளுக்கு அது எவ்வளவு பெரிய காதல் என்பது தபால்காரருக்கும் டாக்டருக்கும் நன்றாகத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மாளுக்குத் தைராய்டு ஆபரேஷன். உயிருக்கு ஒன்றும் இல்லை. குரலின் மேல்பகுதிதான் கொஞ்சம் போய்விட்டது. அதோடு பாட்டு நின்றது. ஒன்றரை வருடம் கழித்து, பாத்திரம் துலக்கும்போது மெல்லத் தன் பழைய பாட்டை எடுக்க ஆரம்பித்தார். ஒரே ஒரு இடம். பல்லவி முடிவதற்கு முன் ஒரு உச்ச சுரம், ஜி செவன் மேல் வருகிற ஏ. தினமும் அங்கே போவார். தினமும் சரியாக அரைச் சுரம் கீழே விழுவார். உடனே குழாயை முழுக்கத் திறந்துவிடுவார். முன்னறையில் அண்ணன் பேப்பரைப் பிடித்தபடி எதையும் படிக்காமல் உட்கார்ந்திருப்பார்.

"ஸ்ருதியைக் கொறச்சுக்கலாமே, அண்ணி?" என்று கேட்டார் தபால்காரர்.

"கொறச்சா முதல் வரி தரைக்குக் கீழ போயிடும். அங்க யாரு போயி தேடுறது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி பாடிப் பார்க்க வந்தவர், ஹாலுக்குள் நுழையும்போது புடவைத் தலைப்பைத் தோளில் சரிசெய்தபடி கணவரிடம் சொன்னார். "இன்னைக்கு அந்த எடம் வரலைன்னா இனிமே பாடமாட்டேன். பாடுன்னு நீங்களும் கேக்கக்கூடாது. சரியா?"

"சரி" என்றார் அண்ணன்.

முதல் வரி அழகாக வந்தது. இரண்டாவதும் வந்தது. குரல் முன்னைவிடக் கரகரப்பாக இருந்தது, அதுவும் நன்றாகவே இருந்தது. உச்சத்துக்கு முன் இழுத்த மூச்சிலேயே அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது, ஏறாது. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்து கேட்ட மூச்சு அது. ஏ வரப்போவதில்லை, அரைச் சுரம் கீழே ஏ ஃபிளாட் வரும். ஜி செவன் மேல் அது கல்லில் பல் பட்ட மாதிரி கடிக்கும்.

ஆனால் டி ஃபிளாட் செவனுக்குள் அந்த ஏ ஃபிளாட் சொந்த வீட்டுப் பிள்ளை.

இருபத்துமூன்று வருடச் சத்தியம். கை ஒரு இழை தயங்கியது. பிறகு மாற்றிவிட்டார்.

அம்மாள் விழுந்தார். விழுந்த இடத்தில் அண்ணன் கார்டை விரித்து வைத்திருந்தார். தவறிப்போன சுரம் தவறாகக் கேட்கவில்லை. வேண்டுமென்றே நிழலில் ஒதுங்கி நின்றதுபோல் இருந்தது. தபால்காரர் ஒரு கணம் விழித்தார். டாக்டர் தலையை ஆட்டினார். குழாய் இல்லாத ஹாலில் அம்மாள் நிறுத்தவில்லை. அந்தச் சுரத்தைக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்து நின்று, பிறகு இறங்கி வீடு வந்தார்.

அண்ணன் முறை வந்ததும், மனைவி விழுந்த அதே ஏ ஃபிளாட்டில் தொடங்கி ஒரு ஸ்கேலை எடுத்து, அதைச் சுற்றியே வாசித்தார். தலை நிமிரவில்லை. பயம்தான்.

மறுபடி பல்லவி. இந்தத் தடவை அம்மாள் உச்சத்துக்கு முயலவே இல்லை. கணவரை நேராகப் பார்த்துக்கொண்டே அரைச் சுரம் கீழே போய் நின்றார். அண்ணன் அங்கே இருந்தார். தபால்காரரும் இந்தத் தடவை அதே கார்டுக்குச் சரியாக வந்து சேர்ந்தார்.

முடிந்த பிறகு ஆளுக்கொரு பக்கம் ஆம்ப்ளிஃபையரைப் பிடித்துப் படியில் இறக்கினார்கள்.

"சத்தியத்த மீறிட்டீங்க" என்றார் அம்மாள்.

"ஆமா" என்றார் அண்ணன்.

நாலு படி இறங்கியதும் அம்மாள் தன் பக்கத்துப் பிடியைச் சரிசெய்துகொண்டார்.

"அடுத்த வாரமும் மீறுங்க."