அவள் கையிலிருந்து பிடுங்கிய டம்ளர்

என் மனைவி தண்ணீர் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. கொடுக்காதது மட்டுமா? அவளே தட்டுத்தடுமாறி எழுந்து மொண்ட டம்ளரை, வாய்க்குப் போகும் முன் பிடுங்கிக் கீழே கொட்டினேன்.

இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் யாரோ, நான் யாரோ, அந்தத் தைரியம்தான்!

நான் என்ன தொழில் செய்கிறேன் தெரியுமா? பெங்களூர் அல்சூரில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறேன். இருபது லிட்டர் கேனைத் தோளில் வைத்து மூன்று மாடி, நான்கு மாடி ஏறுகிறவன். கொஞ்சம் தாமதமானால் "நீரு இன்னூ பந்தில்லா" என்று போன் வரும், தண்ணீர் இன்னும் வரவில்லையாம், விழுந்தடித்து ஓடுவேன். அப்படி ஊருக்கெல்லாம் ஓடியவனின் வீட்டில், மர்பி டவுனில், ஷீட் போட்ட ஒற்றை அறையில், ஒருத்தி நாக்கு வறண்டு கிடந்தாள்.

மேகலாவும் நானும் அவள் வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ஆம்பூரிலிருந்த அவள் அம்மா இரண்டு வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. பேத்தி பிறந்தாள் என்று கேட்டதும் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். முதல்முறையாக என்னை "மாப்ள" என்று கூப்பிட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அடிமையாகிவிட்டேன்.

வந்த அன்றே சொல்லிவிட்டார். "பச்ச ஒடம்புக்காரி... தண்ணி கேட்டா குடுத்துடாதீங்க மாப்ள. வயிறு வெச்சிடும், தையல் சீழ் புடிக்கும், கொழந்தைக்குச் சளி கட்டும்."

வீட்டுக்கு அனுப்பும் நாளில் நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, "பாணந்திகெ நீரு சென்னாகி குடிஸ்ரி" என்றாள். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் நிறையக் குடிக்கக் கொடுங்கள் என்கிறாள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். கன்னடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அத்தைக்கோ ஒரு வார்த்தை தெரியாது.

"என்னா சொல்லுது அந்தப் பொண்ணு?" என்றார்.

"தையல் நனையாம பாத்துக்கணுமாம் அத்த."

ஏன் அப்படிச் சொன்னேன்? எதிர்த்துப் பேசினால் மறுபடியும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாரோ என்ற பயம். நல்ல மாப்பிள்ளை என்று பேர் வாங்குகிற ஆசை! த்தூ... வேறு ஒரு காரணமும் இல்லை.

ஒரு நாளைக்கு இரண்டு வாய் வெந்நீர், அதுவும் மாத்திரை விழுங்க. சித்திரை வெயில், தலையைச் சுற்றி இறுக்கிய துணி, இதில் குழந்தைக்குப் பாலும் கொடுக்க வேண்டும். ஏழாம் நாள் தலை வலிக்கிறது என்றாள். காதில் காற்றுப் புகுந்திருக்கும் என்று அத்தை பஞ்சு வைத்தார். நானும் தலையாட்டினேன்.

எட்டாம் நாள், அத்தை குளிக்கப் போன நேரத்தில்தான் அவள் எழுந்து டம்ளரை எடுத்தாள். நான் பிடுங்கினேன்.

"நர்ஸம்மா குடுக்கச் சொன்னாங்கல்ல? எனக்கும் காதுல விழுந்துச்சு, ரெண்டு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், புரியாதா? நீயா அம்மாகிட்ட சொல்லுவன்னு பாத்துட்டே இருக்கேன்" என்றாள்.

"மெதுவா பேசு, அத்தைக்குக் கேக்கப் போவுது!" என்றேன். என் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான். மேகலா என்னையே பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பால் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு வலிப்பு வந்தது. வலது கை வெட்டி வெட்டி இழுத்தது, வாய் கோணியது, மடியிலிருந்து நழுவிய குழந்தையை அத்தை பாய்ந்து பிடித்தார். ஆட்டோவில் அவள் தலை என் மடியில்... "மேகலா, மேகலா" என்று கத்திக்கொண்டே போனேன். அவள் கண் என் பக்கம் திரும்பவே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தம் உறைந்து குழாயை அடைத்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. "பொழைப்பாளா மேடம்?" என்றேன். "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது" என்றவர், "தண்ணி குடுக்காம வெச்சிருந்தீங்களா? அதுவும் ஒரு காரணம்தான். பிரசவம் பாத்த எடத்துல யாருமே சொல்லலையா?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல மேடம்."

சொன்னேன்! வெட்கமே இல்லாமல் சொன்னேன்.

அத்தை ஐசியூ வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "நான்தான்... நான்தான் பெத்த பொண்ணைக் கொன்னுட்டேன்." வந்த சொந்தமெல்லாம் அவரைத்தான் திட்டியது. "இந்தக் காலத்துலயும் இப்படியா?" என்று என் அண்ணன் பொரிந்து தள்ளினான். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். பால் பவுடர் கரைக்கத் தண்ணீர் வேண்டும் என்றார்கள். போய் வாங்கி வந்தேன்.

பதினோரு நாள் கழித்துக் கண் திறந்தாள். உயிர் இருந்தது... வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. "அவ மூஞ்சில முழிக்க எனக்கு யோக்யத இல்ல மாப்ள" என்று அத்தை ஆம்பூருக்கே போய்விட்டார். பஸ் ஏற்றிவிட்டவன் நான்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை.

ஐந்து மாதம் ஆகிறது. தினமும் காலை ஆறு மணிக்கு போன் வரும். ஒரே கேள்வி. "மாப்ள, அவளுக்குத் தண்ணி குடுத்தீங்களா?"

"குடுத்தேன் அத்த."

வைத்துவிடுவார்.

வாரம் இரண்டு முறை மேகலாவைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறேன். பேச்சு வர வேண்டும் என்று கோயிலில் விளக்கு ஏற்றுகிறேன். வந்துவிடுமோ என்று அங்கேயே நின்று பயப்படுகிறேன்... இவனெல்லாம் ஒரு மனுஷனா என்கிறீர்களா? கேளுங்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, ஸ்பீக்கரில் அத்தையின் குரல் வரும்போது, நான் மேகலாவுக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தேன். அவள் இடது கையால் டம்ளரைத் தள்ளினாள். உதடு கோணிக்கொண்டு துடித்தது.

"ம்மா..."

ஐந்து மாதத்தில் முதல் வார்த்தை! அந்தப் பக்கம் ஒரே அலறல். "கண்ணு! சொல்லு கண்ணு!"

"ம்மா... நீ... இல்ல..." அவள் விரல் மெல்ல எழுந்து என் பக்கம் வந்தது. "நீ இல்ல... இவ..."

அந்தச் சொல் முடிவதற்குள் நான் போனைக் கட் செய்துவிட்டேன்.

அடுத்த நொடியே திரும்ப அடித்தது. "சிக்னல் இல்ல அத்த" என்றேன்.

"என்னமோ சொல்ல வந்தாளே மாப்ள! என்னா சொன்னா?"

"தண்ணி வேணுமாம் அத்த."

"குடுங்க மாப்ள... நெறைய குடுங்க..." என்று அவர் விம்மி விம்மி அழுதார்.

மேகலா என்னையே பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.