முன்னிசை முதலாளி

ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனி நடத்துபவர் அவர். தும்பைப்பூ வெள்ளைச் சட்டை, முகத்தில் கம்ப்யூட்டருக்கும் தானே சம்பளம் கொடுப்பதுபோல ஒரு மிடுக்கு. சேர்த்துவைத்திருந்த ஆயிரக்கணக்கான பாட்டுகளை ஒழுங்காக அடுக்கிக் கேட்க நல்ல சாஃப்ட்வேர் எது என்று சொல்ல, சாத்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் என்னை வீட்டுக்கு அழைத்திருந்தார்.

நாலைந்தைப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டை ஓடவிடுவார். பாடகர் வாய் திறக்குமுன் நிறுத்திவிடுவார்.

"ம், ஓடுது. அடுத்ததப் போடுங்க."

லோடு ஏற்றுமுன் ஒரு வெடியைக் கொளுத்திப் பார்ப்பார்களே, அதே சோதனை. கடைசியில், பாட்டு ஓடும்போது அந்தப் படத்தின் போஸ்டர் வெடிப்பெட்டி லேபிள்போலப் பளிச்சென்று தெரிந்த சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுத்தார்.

"ஒரு பாட்டையாவது முழுசாக் கேக்கலாமே, அண்ணாச்சி" என்றேன்.

"என்ன பேசுறீக? அம்புட்டு வெடி செய்யுறோம். உக்காந்து வெடிச்சுக்கிட்டா இருக்கோம்?"

வழியனுப்ப வாசலுக்கு வந்தவர் உற்சாகமாக ஏதோ முணுமுணுத்தார். நின்று கேட்டேன். வெறும் முன்னிசை. பாடகர் தொடங்கவேண்டிய இடம் வந்ததும், கொஞ்சமும் கூசாமல் அடுத்த பாட்டின் முன்னிசைக்குத் தாவினார்.

பாட்டுகளில் வார்த்தைகளும் உண்டு என்று அவருக்கு யாராவது சொல்லியிருப்பார்களா, தெரியவில்லை.