முயலுக்கு எண்ணெய் தேய்த்த தீபாவளி

மாமா சொல்வதில் பாதியைத்தான் நம்ப வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எந்தப் பாதி என்பதில்தான் எப்போதும் தகராறு. அம்மாவின் தம்பியான அவர் கேமரன் மலையிலிருந்து ஈப்போ பசார் சந்தைக்குக் காய்கறி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் முட்டைக்கோசுக் கூடைக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு மூட்டையை எடுத்து எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையில் வைத்தார். அதற்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றே தெரியவில்லை. நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மூட்டையின் ஓரிடத்தில் ஒரு மூக்கு அசைந்தது. அப்படித்தான் முன்பக்கத்தைக் கண்டுபிடித்தோம்.

மலையில் தோட்டம் போட்டிருக்கும் சீனர் ஒருவர் கொடுத்தாராம். முடிக்காகவே வளர்க்கிற உயர்ந்த சாதி முயலாம். பொட்டை முயல், பரம சாது, வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாது என்றார் மாமா. நாங்கள் நம்பித் தொலைத்த பாதி இதுதான். ராணி என்று பெயரும் வைத்துவிட்டோம்.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டுக்கு இன்னொருவரும் புதிதாக வந்து சேர்ந்திருந்தார். அப்பாவின் ஒரே தங்கை, என் அத்தை. தெலுக் இந்தானில் கட்டிக்கொடுத்திருந்தோம். அப்பா ஒருநாள் போய் அவளைத் தகரப் பெட்டியோடு அழைத்து வந்தார். ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் நடந்தது, ஓய்வெடுக்க வந்திருக்கிறாள் என்றார்கள் என்னிடம். மழை போய் வெயில் வந்தது; ஓய்வு மட்டும் முடிந்தபாடில்லை. அத்தை வீட்டுக்காரர் ஏன் பார்க்க வருவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். அம்மா கையிலிருந்த கரண்டியைக் காட்டி, போய்ப் பாடத்தைப் படிடி என்றாள்.

அத்தை வாசலைத் தாண்டமாட்டாள். பக்கத்து வீட்டில் வளைகாப்பு, எதிர்வீட்டில் பேர்வைக்கிற சடங்கு என்று யாராவது கூப்பிட வந்தால் அவளுக்குத் தலைவலி வந்துவிடும். முழங்காலைத் தொடும் முடி அவளுக்கு. அதைக்கூட வாராமல் சுருட்டி ஒரு கொண்டையாகப் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள்.

அப்பேர்ப்பட்ட அத்தை முயலுக்கு முடி வார உட்கார்ந்ததுதான் எனக்கு முதல் அதிசயம். பள்ளிவிட்டு வந்ததும் பின்வாசலில் எங்கள் வேலை ஆரம்பமாகும். நான் ராணியை மடியில் வைத்து நெற்றியைத் தடவிக்கொண்டிருப்பேன். அத்தை தன் மரச் சீப்பால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வாருவாள். ஒருநாள் விட்டால் போதும், காதுக்குப் பின்னாலும் தொடையிடுக்கிலும் சிக்கு விழுந்துவிடும். வாய் வைத்து ஊதினால் முடி விலகி, அடியில் இளஞ்சிவப்பாகத் தோல் தெரியும். அத்தனை பெரிய உருவத்துக்குள்ளே யாரோ சின்னதாக ஒருத்தர் ஒளிந்திருப்பதுபோல இருக்கும் எனக்கு. அதைப் பார்ப்பதற்காகவே நான் ஊதிக்கொண்டிருப்பேன்; அத்தை தும்முவாள்.

வாரிய முடி வீடெல்லாம் பறந்தது. குழம்பில் கிடந்தது, விளக்கு எண்ணெயில் மிதந்தது. டவுன் பஸ் ஓட்டும் அப்பாவின் காக்கிச் சட்டையில் ஒட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டு வந்தது. இதையெல்லாம் அப்பா பொறுத்துக்கொண்டார். அவரால் பொறுக்க முடியாதது பிறகு வந்தது.

வளர வளர ராணியின் குணம் மாறியது. அத்தையின் காலைச் சுற்றி உறுமிக்கொண்டே ஓடியது. அப்பாவின் செருப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆடியது. நான் விளையாட்டென்று கைதட்டினேன். அம்மா என்னை உள்ளே போகச் சொன்னாள். அடுத்த முறை மாமா வந்தபோது ராணியைப் புரட்டிப் பார்த்துவிட்டு மண்டையைச் சொறிந்தார். பொட்டை என்று தூரத்திலிருந்து பார்த்துச் சொன்னதாம். ஆக, ராணி அவனானான். பெயரை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

நாற்காலியில் கழற்றிப் போட்ட காக்கிச் சட்டைமேல் அவன் மூத்திரம் பீய்ச்சினான். அந்த வாடை எத்தனை துவைத்தாலும் போகவில்லை. மாமாவைப் பின்னங்கையில் கடித்தான். அதில் எங்களுக்குப் பெரிய வருத்தமில்லை. கடைசியில் சாமி மேடைத் திரையையும் விட்டுவைக்கவில்லை. அன்றைக்கு அப்பா சாப்பிடாமல் எழுந்துவிட்டார். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் பால் வெட்டும் கித்தாத் தோட்டத்தில் மாமாவுக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். முயல் வறுவலில் கைதேர்ந்தவராம். தீபாவளி கழியட்டும், பிறகு இவனை அங்கே அனுப்பிவிடலாம் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். நான் அழுதேன். அத்தை சீப்பிலிருந்த முடியை உருவிக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்து உலகத்தில் பாதி நோய் உடம்புச் சூட்டால் வருவது. கோபம், கட்டி, கண்ணெரிச்சல், பிள்ளைகள் படிக்காமல் இருப்பது, எல்லாமே சூடுதான். முயலுக்கும் அதுவேதான் என்று முடிவு கட்டினாள். தீபாவளி விடியலில் எங்களை வரிசையாக உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிட்டு, கையோடு ராணியையும் பிடித்துக்கொண்டாள்.

"தலைக்கு எண்ண வச்சா எல்லாம் அடங்கிரும். அப்பறம் யாரு இத அனுப்பப் போறா?" என்றாள்.

மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். காதிலிருந்து வால்வரை சூடு பறக்கத் தேய்த்தாள். பிறகு சீயக்காய், வெந்நீர். அத்தை என்னமோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். வந்திருக்கும் வீட்டில் அண்ணியை எதிர்த்துப் பேச அவளுக்கு வராது. நானோ, ராணிக்கும் தீபாவளி வந்துவிட்டதென்று குதித்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கெல்லாம் எண்ணெய் போய்விட்டது. ராணிக்குப் போகவில்லை. காயக் காய முடி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகியது. அடுத்தடுத்த நாட்களில் அது முடியே இல்லை, கால்மிதி. மரச் சீப்பின் பல்தான் உடைந்தது. தோலை இழுத்துப் பிடித்ததில் அவனால் பின்னங்காலை நீட்ட முடியவில்லை. குளியலறைத் தண்ணீர்த் தொட்டியோரம் ஈரத் தரையில் கிடந்து இளைத்தான்; தீனியையும் குறைத்துக்கொண்டான். தன் கையால் சுட்ட முறுக்கை அம்மா தொடவேயில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டே நடமாடினாள்.

இனிமேல் கஷ்டப்படுத்த வேண்டாம், சுங்கை சிப்புட்டுக்குச் சொல்லி அனுப்புகிறேன் என்று அப்பா எழுந்தபோதுதான் அத்தை பேசினாள்.

"அண்ணே, நா மிருக ஆஸ்பித்திரிக்குக் கொண்டு போறேன்."

அப்பா திரும்பிப் பார்த்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். அத்தை வெளியே போகிறேன் என்று சொன்னதை நம்ப யாருக்கும் தைரியம் இல்லை. நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, ரோத்தான் பிரம்புக் கூடையில் ராணியை வைத்து, மேலே துண்டைப் போர்த்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். பஸ்ஸில் எல்லோரும் எங்களையே பார்ப்பதாக எனக்குத் தோன்றியது. அவள் கை ஜில்லென்று இருந்தது.

டாக்டர் இளம் வயது மலாய்க்காரப் பெண். அத்தை தோட்டத்தில் கற்ற மலாய்ப் பேச்சு ஆட்டுக்கும் மாட்டுக்கும் போதும், இதற்குப் போதாது. அங்கே வேலை பார்த்த ஒரு தமிழ் அண்ணன்தான் இருபக்கமும் எடுத்துச் சொன்னார். ராணியின் வயிற்றை அமுக்கிப் பார்த்த டாக்டர், இறுகிய முடியை மழித்தே ஆக வேண்டும் என்றார். முயல் தோல் காகிதம் மாதிரி கிழியும் என்பதால் மயக்க மருந்து கொடுத்துத்தான் மழிக்க வேண்டும். அதே மயக்கத்தில் விதையையும் எடுத்துவிட்டால் பீய்ச்சுவதும் கடிப்பதும் கொஞ்ச நாளில் அடங்கிவிடும். ஆனால் முயல்களில் சில மயக்கத்திலிருந்து எழுவதில்லை. நாய், பூனைக்கு நிறையச் செய்திருக்கிறேன், முயலுக்குக் குறைவுதான் என்று அவர் மறைக்காமல் சொன்னார். மழிப்பது மட்டும் போதுமா, இரண்டும் செய்யவா என்று கேட்டார்.

ஒன்று மட்டும் செய்தால் சுங்கை சிப்புட் காத்திருக்கிறது என்பது எனக்கே தெரியும். அத்தை கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்ததுக்கப்பறம், அது பழையபடி இருக்குமா?" என்று கேட்டாள்.

"இருக்கும்க்கா. குட்டி உண்டாகாது, அவ்ளோதான்லா. மத்தபடி நல்லாத் திங்கும், ஓடும், ரொம்ப நாளு இருக்கும்."

"ரொம்ப நாளு இருக்குமா?"

அவள் சந்தேகப்படுகிறாள் என்று நினைத்து அந்த அண்ணன் டாக்டரிடமே கேட்டார். டாக்டர் அத்தையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முயலைப் பற்றி எதுவும் சொல்லாமல் அத்தையின் கையைத் தொட்டு, தலையை மட்டும் ஆட்டினார். இரண்டையும் செய்யச் சொல்லிவிட்டாள் அத்தை.

கண்ணாடிப் பலகை வைத்த சன்னல் வழியாக நான் பார்த்தேன். யாரும் விரட்டவில்லை. கத்திரியும் மழிக்கிற யந்திரமும் மெல்ல மெல்லப் போகப் போக, அந்தக் கால்மிதி ஒரே துண்டாக, சட்டையைக் கழற்றுவதுபோல, ராணியைவிட்டுக் கழன்று வந்தது. உள்ளே இருந்தவனைப் பார்த்து எனக்கு மூச்சு நின்றுவிட்டது. என் இரண்டு கைக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தான். காது வழியாக விளக்கு வெளிச்சம் தெரிந்தது. அதில் நரம்புகள் சிவப்பு நூலாக ஓடின. விலாவுக்கு அடியில் இதயம் துடிப்பது வெளியிலிருந்தே தெரிந்தது. அடேயப்பா, அத்தனை வேகமாக ஒன்று துடித்துக்கொண்டேயிருக்கும் என்று நான் நினைத்ததில்லை. எங்கள் வீட்டில் இத்தனை நாள் உறுமி, கடித்து, எல்லோரையும் ஆட்டிவைத்தது இந்தத் துளியூண்டு உயிர்தானா? சாமி கும்பிடும்போதுகூட நான் அப்படிக் கைகூப்பி நின்றதில்லை. அத்தை சன்னல் பக்கம் வரவேயில்லை. பெஞ்சில் அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் எழுந்துவிட்டான். ஆனால் கண்டம் இன்னும் தாண்டவில்லை என்றார் டாக்டர். நாளைப் பொழுது சாய்வதற்குள் எதையாவது தின்ன வேண்டும். தின்னாவிட்டால் குடல் ஓட்டம் நின்றுவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. இனி முடியை வளரவிடாதீர்கள், எண்ணெய் வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார்.

மறுநாள் முழுக்க அத்தை பின்வாசலைவிட்டு எழவில்லை. அப்பாவின் பழைய கைலியில் சுற்றி அவனை மடியில் வைத்திருந்தாள். கங்கோங் கீரையை நீட்டினோம், முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மா கேரட்டைத் துருவிக் கொண்டுவந்தாள். நான் வாய்க்காலோரம் ஓடி ஓடிப் புல் பறித்தேன். எதற்கும் மூக்கு அசையவில்லை. அத்தையும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெயில் வேலிக்கு இறங்கிவிட்டது.

அப்பா வேலை முடிந்து பின்பக்கமாக வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அத்தைக்கு முதுகுப்பக்கம் என்பதால் அவள் அவரைப் பார்க்கவில்லை. குனிந்து, முயலின் காதோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"சாப்புடுய்யா. உசுரு இருக்கணும்னுதான எடுத்தாங்க. எடுத்துட்டா என்ன? நீ ஒன்னும் கொறஞ்சி போயிடல. இந்த வூட்ல ஒன்ன வேணான்னு யாரும் பொட்டியக் கட்டி அனுப்ப மாட்டாங்க."

அப்பா தொப்பியைப் படியில் வைத்தார். பிறகு சீருடையோடு வேலியோரம் போய், அங்கே படர்ந்திருந்த வள்ளிக்கிழங்குக் கொடியிலிருந்து இளம் இலையாகப் பார்த்துப் பறித்தார். அத்தை முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதை ராணியின் வாயருகே பிடித்தார். முந்தின நாள்வரை அவனை வறுவலுக்கு அனுப்பப் பார்த்த மனுஷர். மூக்கு ஒருமுறை அசைந்தது. இன்னொருமுறை அசைந்தது. ஒரு நுனி உள்ளே போனது. அதை அவன் மெல்லுகிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அனுப்ப மாட்டோம்மா," என்றார் அப்பா. "யாரும் அனுப்ப மாட்டோம்."

ராணியைப் பார்த்துத்தான் சொன்னார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவுமில்லை. அம்மா வாசலிலேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அத்தை தலை நிமிரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

அத்தையின் வயிற்றிலிருந்து டாக்டர்கள் எதை எடுத்து அவளைக் காப்பாற்றினார்கள், எதற்காகத் தெலுக் இந்தான்காரர்கள் பெட்டியைக் கட்டிக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியவர இன்னும் எத்தனையோ வருடங்கள் இருந்தன. அன்றைக்கு நான் கண்டது, தின்னுகிற முயலையும் அழுகிற அப்பாவையும்தான். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். எங்கள் முயலுக்கு ஆப்பரேஷன், அது சாப்பிட்டதும் எங்கப்பா அழுதுவிட்டார் என்று. யாரும் நம்பவில்லை, நான் சத்தியம் செய்தேன். முயலுக்காக அழுகிற அப்பா அந்த வகுப்பிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் இருந்தார். அதில் எனக்கு அப்படியொரு பெருமை.