கட்டாமல் வைத்த கடிகாரம்

வேங்கிக்காலில் காசியண்ணன் வீட்டு சோபாவுக்கு எட்டு வயது. அதன் மேல் கடைக்காரன் போட்டுக் கொடுத்த பாலிதீன் உறைக்கும் எட்டு வயது. உட்கார்ந்தால் தொடையில் ஒட்டும், எழுந்தால் சத்தம் போடும். "பிரிச்சா அழுக்காயிடும் சக்தி" என்பார். டி.வி. ரிமோட்டுக்கு உறை, ஸ்கூட்டர் சீட்டுக்கு உறை. மகள் முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த சட்டை இன்னும் பீரோவில் குண்டூசியோடு தூங்குகிறது. கலெக்டர் ஆபீஸ் நில அளவைப் பிரிவில் நானும் அவரும் பதினாறு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மேஜை. கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு, குறையில்லாமல் செய்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட மனிதர் ஐம்பத்திரண்டு வயதில் கடலுக்கடியில் போக ஆரம்பித்தார் என்றால் யார் நம்புவார்கள்? மகள் கவிநிலா செய்த வேலை அது. புதுச்சேரியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனவள், முதுகில் காற்று உருளையை மாட்டிக்கொண்டு கடலில் இறங்கும் ஸ்கூபாவைக் கற்றுக்கொண்டாள். ஆறு மாதம் கழித்து அப்பாவையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டாள். காசியண்ணன் அடி அண்ணாமலை கிராமத்துக்காரர், விவசாயக் குடும்பம், கிணற்றில் குதித்து வளர்ந்த உடம்பு. தண்ணீர் அவருக்குப் புதிதல்ல, உப்புதான் புதிது. ஆபீஸில் நாங்கள் சிரித்த சிரிப்பை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு, விடிவதற்குள் செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பஸ் பிடித்துப் போய்விடுவார்.

கடலுக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாதாம். இருவர் இருவராகத்தான் இறங்க வேண்டும், ஒருவருக்கு ஒருவர் பொறுப்பு. காசியண்ணனுக்கு ஜோடி அவர் மகள்தான். பெண் பிள்ளை வளர்ந்ததும் அப்பாவோடு பேச்சு குறைந்துபோவது நம் வீடுகளில் சகஜம். அவர் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. கடலுக்கடியில் வாயைத் திறக்கவே முடியாது, ஆனால் அங்கே போய்த்தான் இருவரும் பழக ஆரம்பித்தார்கள். "தண்ணிக்குள்ள ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தபா என்னைத் திரும்பிப் பாக்குது சக்தி. வீட்ல எங்க பாத்துச்சு?" என்று ஒருமுறை சொன்னார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இறங்குகிறவர்கள் கையில் டைவ் கம்ப்யூட்டர் என்று ஒன்றைக் கட்டிக்கொள்கிறார்கள். பார்க்கக் கைக்கடிகாரம் மாதிரிதான் இருக்கும். ஆழத்தில் சுவாசிக்கும்போது உடம்பில் நைட்ரஜன் சேருமாம். அளவு மிஞ்சினால், மேலே வரும்போது அது ரத்தத்தில் குமிழியாகி ஆளை முடக்கிவிடும். இந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று அந்தக் கடிகாரம் கணக்குப் பார்த்துச் சொல்லும். முந்தின முறை இறங்கியபோது சேர்ந்ததையும் ஞாபகம் வைத்துத்தான் கணக்குப் போடும். கூட வராத கடிகாரத்துக்கு எந்த ஞாபகமும் கிடையாது. வந்த வினைக்கெல்லாம் இதுதான் காரணம்.

கவிநிலாவுக்கு நார்வேயில் மூன்று வருட வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன் அப்பாவும் மகளும் அந்தமானில் மூன்று நாள் இறங்குவதென்று முடிவானது. "அதுக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கிடுங்கப்பா. இருக்கறது பாதில நின்னுட்டா, அப்புறம் ஒரு நாள் முழுக்க எறங்க விடமாட்டாங்க" என்றாள்.

காசியண்ணன் அதைத் தேர்ந்தெடுத்த கதை ஒரு பெரிய கதை. அரசு ஊழியர் புத்தி எங்கே போகும்? மூன்று விலைப்புள்ளி வாங்கி ஒப்பீட்டுப் பட்டியலே தயார் செய்துவிட்டார். மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடியதும் எனக்கு விளக்கம் ஆரம்பமாகும். சார்ஜ் போடுகிற ரகம் வேண்டாம், போகிற இடத்தில் சார்ஜரை மறந்தால் போச்சு. கடையில் கிடைக்கிற வட்ட பேட்டரியை நாமே மாற்றுகிற மாதிரி இருக்க வேண்டும். வெள்ளெழுத்துக் கண்ணுக்கு எண்கள் பெரிதாகத் தெரிய வேண்டும். திசை காட்டுவது, காற்று அளவு காட்டுவதெல்லாம் ஸ்பேருக்கு ஜாஸ்தி. பழையது எந்தக் கம்பெனியோ அதே கம்பெனியாகவும் இருக்கட்டும். வேறொன்று வேறு மாதிரி கணக்குப் போட்டு, ஒன்று பத்து நிமிடம் என்றும் மற்றது ஆறு என்றும் சொன்னால், தண்ணீருக்குள் யாரிடம் போய்ப் பஞ்சாயத்து வைப்பது? இரண்டு மாதம் யோசித்தார். எதை வாங்குவதென்று அத்தனை யோசித்த மனிதர், அதை எப்போது கட்டுவதென்று யோசிக்கவில்லை.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு பெட்டி வந்தது. ஆபீஸில் வைத்துத்தான் பிரித்தார். கருப்பு வார், முகத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்.

"இன்னாண்ணா, இத்தையும் உப்புத் தண்ணில முக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு நானே தொடர்ந்தேன். "பழசுதான் நல்லா ஓடுதே. இது பத்திரமா இருக்கட்டும். அது நின்னா எடுத்துக் கட்டுங்க. ஸ்டெப்னி டயரை யாராவது மாட்டி ஓட்டுவாங்களா?"

பெரிய புத்திசாலி மாதிரி சொன்னேன். அவருக்கும் அது தேனாக இறங்கியது. அவர் குணத்துக்கு நான் சொல்லாவிட்டாலும் அப்படித்தான் செய்திருப்பார் என்று என்னை நானே சமாதானப்படுத்திப் பார்க்கிறேன். முடியவில்லை. சொன்ன வாய் என் வாய்தான், இன்றைக்கும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு நடந்ததை அவரே எனக்குச் சொன்னார். அந்தமானில் முதல் நாள் படகில் ஏறும்போது கவிநிலா கேட்டிருக்கிறாள்.

"புதுசு எங்கப்பா?"

"ஜாக்கெட் பாக்கெட்ல இருக்குதும்மா."

உருளையோடு சேர்த்து மாட்டிக்கொள்ளும் அந்த ஜாக்கெட்டில் இல்லை. தங்கியிருந்த அறையில், துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் இருந்தது. மகளிடம் திட்டு வாங்க வேண்டாமென்று சொன்ன சின்னப் பொய். கையில் கட்டினாலும் ஜாக்கெட்டில் போட்டாலும், கூடவே தண்ணீருக்குள் வந்தால் கடிகாரம் கணக்கு வைத்துக்கொள்ளும். அதனால் அவளும் மேலே கேட்கவில்லை. இரண்டு நாளில் ஐந்து முறை இறங்கினார்கள்.

மூன்றாம் நாள் காலையில் ஒருமுறை இறங்கி ஏறினார்கள். படகில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பழைய கடிகாரம் அணைந்துபோனது. அழுத்தினார், தட்டினார், ஊதினார். ஒன்றும் நடக்கவில்லை. மிச்சமிருந்தது ஒரே ஒரு முறை. இறங்கப்போகிற இடத்தில் பெரிய பாறைக்கு அந்தப் பக்கம் ஆமைகள் தூங்குமென்று வழிகாட்டி இளவரசன் சொல்லியிருந்தார்.

"நல்லவேளை, ஸ்பேர் கூடவே எறங்கிட்டு இருந்துச்சு" என்றாள் கவிநிலா.

கடைசி நாளாவது கட்டலாமென்று அன்றைக்குத்தான் காசியண்ணன் அதைக் கைப்பையில் எடுத்து வந்திருந்தார். படகில் ஏறி அலையைப் பார்த்ததும் மனசு வரவில்லை. இப்போது முதுகைத் திருப்பிக்கொண்டு அதன் முகத்திலிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தார். கையில் கட்டினார். அந்தக் கடிகாரத்தைப் பொறுத்தவரை அவர் கடலையே பார்த்ததில்லை.

இளவரசன் கேட்டார். "சார், இது மூணு நாளும் உங்ககூட தண்ணில இருந்துச்சு இல்ல?"

இல்லை என்றால் அன்று இறங்க முடியாது. மறுநாள் மதியம் விமானம். அவர் படகில் உட்கார்ந்திருக்க, மகள் யாரோடோ ஜோடி சேர்ந்து இறங்குவாள். அடுத்த வாரம் நார்வே போய்விடுவாள்.

"இருந்துச்சுப்பா" என்றார் காசியண்ணன்.

இருபத்திரண்டு மீட்டர் ஆழத்தில் பத்து நிமிடம் போல ஆகியிருக்கும். கவிநிலா தன் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது நிமிடம் பாக்கி இருந்தது. வழக்கம்போல அப்பாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அதில் இருபத்தாறு. மூன்று நாளாகத் தோளோடு தோள் சேர்ந்து இறங்கியவர்களுக்குள் ஒன்றிரண்டு நிமிடம் முன்பின் இருக்கலாம், பதினேழு நிமிடம் எப்படி வரும்? எண்ணைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கண்ணாடிக்குள்ள அதோட கண்ணு அப்படியே நின்னுடுச்சு சக்தி. திட்டியிருந்தாகூடத் தேவலை" என்றார் என்னிடம்.

அவள் கட்டை விரலை உயர்த்தினாள். மேலே போகலாம் என்று அர்த்தம், யார் காட்டினாலும் மற்றவர் மறுக்கக் கூடாது. பாறைக்கு அந்தப் பக்கம் அவர்கள் போகவேயில்லை. மேலே வரும் வழியில், சேர்ந்த நைட்ரஜன் வெளியேற ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும், அவள் அவரை ஐந்து நிமிடம் நிறுத்திவைத்தாள். அவருடைய ஜாக்கெட் வாரை விடாமல் பிடித்திருந்தாள், ஆனால் ஒருமுறைகூட அவர் பக்கம் திரும்பவில்லை.

படகில் ஏறியதும் விஷயம் வெளியே வந்தது. மூட்டு வலிக்கிறதா, விரல் மரத்துப்போகிறதா என்று இளவரசன் கேட்டுக்கொண்டே இருந்தார். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கவிநிலா ஈர உடையோடு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்குப்பா பொய் சொன்னீங்க?"

"உன்கூட கடைசியா ஒரு தபா எறங்கணும்னு ஆசம்மா."

"வாட்ச்சைக் கட்டலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் எறங்காம உங்ககூட போட்லயே உக்காந்திருப்பேனே. எனக்கு ஆமையாப்பா முக்கியம்?"

இதைச் சொல்லும்போது காசியண்ணன் ஆபீஸ் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டார். "அது உக்காந்திருக்கும் சக்தி. எனக்காக உக்காரும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு" என்றார். தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

பிறகு பழையதைச் சரிசெய்து, இரண்டையும் இரண்டு கையிலும் கட்டிக்கொண்டு ஒருமுறை புதுச்சேரிக்குப் போய்வந்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். முன்பின் தெரியாத ஒரு ஆளோடு ஜோடி சேர்த்துவிட்டார்களாம். அதற்கப்புறம் அவர் போகவில்லை.

கவிநிலாவுக்கு இப்போது கோபம் ஒன்றும் இல்லை. ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறாள், சிரித்துப் பேசுகிறாள். போன ஞாயிறு சாயங்காலம் அவள் கூப்பிட்டபோது நானும் அங்கே இருந்தேன். காசியண்ணன் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"பி.பி. மாத்திரை ஒழுங்கா போடறீங்களாப்பா?"

"போடறேம்மா."

"டாக்டர்கிட்ட போகணும்னீங்களே?"

"வியாழக்கெழம போய்ட்டு வந்துட்டேன். எல்லாம் நார்மல்னுட்டாரு."

அத்தனையும் உண்மை. நான்தான் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனேன்.

"சரிப்பா. அம்மாகிட்ட குடுங்க."

அவர் எழுந்து அடுப்படிக்குப் போய், திரௌபதி அண்ணியிடம் போனைக் கொடுத்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். உள்ளேயிருந்து அண்ணி பேசுவது எங்கள் இருவருக்கும் கேட்டது.

"ஆமாண்டி, நெஜமாத்தான் போனாரு."