யாருடைய வக்கீல்

பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவு என்றால் வளாகத்தில் இருக்கும் எல்லோருக்கும் பொதுவான வக்கீல் ஆபீஸ் என்று பலர் நினைக்கிறார்கள். வாடகை வீட்டுத் தகராறு, மாமியார் சொத்து, தம்பியின் விவாகரத்து என்று என் மேசைக்கு வராதது கிடையாது. நாங்கள் காப்பாற்றுவது பல்கலைக்கழகத்தை மட்டும்தான். அதில் வேலை பார்க்கிற ஆளை அல்ல. இதை விளக்கிச் சொல்ல நான் பெரும்பாலும் மெனக்கெடுவதில்லை. மெனக்கெடாததில் ஒரு சௌகரியமும் இருக்கிறது.

கெமிஸ்ட்ரி லேபில் ஒப்பந்த உதவியாளராக இருந்தவளும் அப்படித்தான் நினைத்தாள். ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக அந்தக் காலத்திலேயே செகந்திராபாத் வந்துவிட்ட குடும்பம் அவளுடையது. நான் கணவரின் ஐடி வேலையால் மதுரையிலிருந்து வந்தவள். அந்தக் கட்டடத்தில் தமிழ் பேச எங்கள் இருவரை விட்டால் ஆளில்லை. மதியம் டப்பாவோடு என் அறைக்கு வந்துவிடுவாள். என் குழம்பை ருசி பார்த்துவிட்டு, "புளி கம்மி அக்கா, எனக்கு நக்கோ" என்று தள்ளி வைக்கிற உரிமை அவளுக்கு இருந்தது. பெற்ற மகனே தெலுங்கில் பதில் சொல்கிற ஊரில் அந்த உரிமை எனக்குப் பிடித்திருந்தது.

போன மழைக்காலத்தில் அந்த லேபில் தீப்பிடித்தது. ஆராய்ச்சி மாணவி ஒருத்திக்கு வலது கை வெந்துபோனது. கோர்ட்டுக்குப் போவேன் என்றார் அவளுடைய அப்பா. விசாரணைக் குழு போட்டார்கள். குழு கேட்கவேண்டிய கேள்விகளைத் தயாரிப்பது என் வேலை.

குழு போட்ட மறுநாள் மதியம் அவள் டப்பா இல்லாமல் வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"நீங்க இருக்கப்போ எனக்கு வேற வக்கீல் கைக்கு அக்கா?" என்றபடி உட்கார்ந்தாள். 'கைக்கு' என்றால் இந்த ஊரில் 'எதற்கு'.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான்: என்னிடம் எதுவும் சொல்லாதே. நான் சொன்னது, "சொல்லும்மா."

சொன்னாள். தீப்பிடித்த அன்று காலை மகளின் பள்ளியிலிருந்து போன் வந்திருக்கிறது. பெண் வயதுக்கு வந்துவிட்டாள், பாத்ரூமை விட்டு வெளியே வராமல் அழுகிறாள், உடனே வாருங்கள் என்று. ரசாயன ஸ்டோர் சாவியை ஒரு மாணவன் கையில் கொடுத்துவிட்டு, ஆட்டோ பிடித்து ஓடியிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் தீ.

"நான் லேப்லதான் இருந்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நீங்கதான் எப்படியாவது பாத்துக்கணும். அவருக்கு ஜீடிமெட்லா கம்பெனில போன மாசம்தான் வேலை போச்சு. இதுவும் போச்சுன்னா அவ்ளோதான் அக்கா."

"சாவி எப்பவும் உங்கிட்டதான் இருக்குமா?" என்று கேட்டேன்.

"எங்க அக்கா. பசங்க கையிலதான் சுத்தும். குடுத்துட்டுப் போம்மான்னு புரொபசரே சொல்வாரு."

"அழாத. பாத்துக்கலாம்" என்று தோளைத் தட்டினேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதுதான்.

அன்று மாலை கேள்விகளை எழுதினேன். தீப்பிடித்தபோது ஸ்டோர் சாவி யாரிடம் இருந்தது, சாவிக்குப் பொறுப்பானவர் எங்கே இருந்தார் என்று ஒரு கேள்வி. அவள் சொல்லாவிட்டாலும் அது எனக்குத் தோன்றியிருக்கும் என்று என்னை நானே தேற்றிப் பார்த்திருக்கிறேன். தோன்றியிருக்காது. மின்சாரக் கோளாறு என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். மற்ற நாட்களில் சாவி யாரிடம் இருந்தது என்ற கேள்வியை நான் எழுதவில்லை. எழுதினால் புரொபசர் மாட்டுவார், அவரோடு பல்கலைக்கழகமும் மாட்டும். சாவியைக் கைமாற்றக் கூடாது என்ற விதியை ஓர் ஊழியர் மீறினார் என்றால் கோர்ட்டில் நாங்கள் தப்பிக்கலாம். யாருமே மதிக்காத விதி என்றால் தப்பிக்க முடியாது.

குழு கேட்டது. சாவி வாங்கிய மாணவன் பயந்துபோய் உள்ளதைச் சொல்லிவிட்டான். அவளுடைய ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். பதிவாளர் என்னைக் கூப்பிட்டு, கேள்விகள் கச்சிதம் என்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது. நன்றியும் சொன்னேன்.

அடுத்த வாரம் அவள் வந்தாள். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்பீல் பண்ணலாமாம் அக்கா. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. எனக்கு வேற யாரைத் தெரியும்?"

"என்னால முடியாதும்மா. நான் யுனிவர்சிட்டியோட வக்கீல். உனக்கு எதிர்ப்பக்கம்."

அவள் எழுந்திருக்கவில்லை.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேனே அக்கா" என்றாள்.

அது எனக்கு அன்றைக்கே தெரியும்.