லாண்ட்மாஸ்ரர் நடந்த தூரம்

எடை குறைக்கும் கிளினிக்கில் வேலை செய்கிற நாங்கள், தராசைப் பார்க்க முன் முகத்தைப் பார்க்கப் பழகிவிடுகிறோம். அரை வயிறு சாப்பிட்டும் முள் அசையாமல் நின்றதைக் கண்ட உங்களுக்கு அந்த முகம் தெரியும். விசுவமடு நாகேஸ் அக்கா அந்த முகத்தோடுதான் வந்தார். குடலிறக்கம். எடை குறைந்தால்தான் ஒபரேசன் என்று டொக்டர் சொல்லியிருந்தார். லாண்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சக்கர உழவு மெசினில் பெட்டி பூட்டி, விறகும் நெல்லும் ஏற்றிப் பிழைப்பவர். குடலிறக்கத்தோடு அதன் ஹாண்டிலைச் சுழற்றி ஸ்ரார்ட் பண்ணக் கூடாது என்பதால், காலையில் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருந்தது. வலியைவிட அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மணிக்கூடு

அக்காவின் தங்கச்சி கனடாவிலிருந்து அனுப்பிய கைமணிக்கூடு நடையை எண்ணும். அது காட்டிய கணக்குக்கு அக்கா ஈர்க்கிலாய் மெலிந்திருக்க வேண்டும். சாப்பாட்டைப் பதிகிற போனும் அதை நம்பி, இவ்வளவு நடந்தவர் இன்னும் சாப்பிடலாம் என்று காட்டியது. அவரும் சாப்பிட்டார்.

ஒருநாள் கிளினிக் வாசலுக்கு லாண்ட்மாஸ்ரரிலேயே வந்து இறங்கினார். கிரவல் றோட்டில் கைபிடி உதறிய உதறலில் மணிக்கூடு கட்டிய கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. இனி மணிக்கூட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கோ, அது உதறலையும் எண்ணுது என்றேன். மணிக்கூட்டைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டார்.

“அப்ப இவ்வளவு நாளும் நடந்தது லாண்ட்மாஸ்ரர். சாப்பிட்டது மட்டும் நான்.”

குட்டான்

எடை இறங்கியது; பிறகு மறுபடி நின்றது. போனில் பதிந்ததை இருவரும் பார்த்தோம். சோறு அளவாக இருந்தது. தேத்தண்ணி பலமுறை, எல்லாம் சீனி இல்லாமல். எனக்கும் பிழை பிடிபடவில்லை.

களைத்துப்போய் இருவருக்கும் வெறும் தேத்தண்ணி ஊற்றினேன். அக்கா கைப்பையிலிருந்து பனங்கட்டி பொதிந்த ஓலைக் குட்டானை எடுத்துப் பிரித்தார். பனங்கட்டியில் ஒரு கடி, தேத்தண்ணியில் ஒரு மிடறு. இதுவும் இனிப்புத்தானே, ஏன் பதியவில்லை என்று கேட்டேன்.

“தேத்தண்ணிக்குள்ளை போட்டால்தானே பிள்ளை பதியிறது. இது சும்மா கடிக்கிறது.”

ஹாண்டில்

பனங்கட்டியை விட்டார். கடைக்கும் கோயிலுக்கும் தன் காலாலேயே நடந்தார். டொக்டர் சொன்ன எடையை முள் தொட்ட அன்று தராசிலிருந்து இறங்காமல் நின்றார். நானும் இறங்கச் சொல்லவில்லை.

ஒபரேசன் முடிந்து, பாரமான வேலை செய்யலாம் என்று டொக்டர் விட்ட பிறகு, ஒரு காலை வாசலில் லாண்ட்மாஸ்ரர் சத்தம் கேட்டது. வரிசையில் இருந்தவர்களை விட்டுவிட்டு வெளியே போனேன். ஆர் ஸ்ரார்ட் பண்ணித் தந்தது என்று கேட்டேன். சுழற்றும் ஹாண்டிலைத் தூக்கிக் காட்டினார்.

“நான்தான். பக்கத்து வீட்டுக்காரருக்கு இப்ப நாரிப் பிடிப்பு, குனிய ஏலாது. அவரின்ரை லாண்ட்மாஸ்ரரையும் நான்தான் சுழற்றிக் குடுக்கிறன்.”

இந்த வேலையில் தராசை இன்னும் நம்புகிறேன், ஆனால் வருகிறவர் எதில் வந்தார், கைப்பையில் என்ன இருக்கிறது என்று கேட்ட பிறகுதான்.